கங்காதரனின் சமன்பெட்டி

யாரும் குறை சொல்லவில்லை. அதுதான் கங்காதரனுக்குச் சந்தேகத்தைக் கொடுத்தது.

1939-ஆம் வருஷத் தொடக்கம். பூந்தமல்லி கடைத்தெருவில் ஹாஜா மொய்தீன் சைக்கிளும் கிராமபோனும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தார். அவரும் கள்ளிக்குப்பம் கங்காதரனும் கூட்டாக ஒரு லவுட் ஸ்பீக்கர் செட் வாங்கியிருந்தார்கள். கலைந்துபோன நாடகக் கம்பெனி ஒன்று விற்றுவிட்டுப் போனது. ஒரு மைக், வால்வுகள் செந்நிறமாக மினுக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், மோட்டார் கார் பேட்டரிகள், வாய் அகன்ற இரும்புப் புனல் ஒன்று. கல்யாணம், காதுகுத்து, தர்கா சந்தனக்கூடு என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். போன இடத்திலெல்லாம் புனலைத் தொட்டுப் பார்க்க ஒரு கூட்டம் நின்றது. சத்தம் எப்படி என்று கேட்டால், நல்லா இருந்தது, ஊர்க்கோடி வரைக்கும் கேட்டது என்றார்கள்.

"பொய் சொல்றாங்க பாய்," என்றார் கங்காதரன். "குடத்துக்குள்ள தலைய வுட்டுகினு பேசற மாதிரி கீது. சத்தம் வருது, சொல்லு வரல."

"எனக்குக் கேக்குதே அண்ணாத்தே. கடைசி வரிசைல நின்னா கொஞ்சம் மந்தமாக் கீது, அவ்ளோதான்."

"உனக்குப் பழகிப்போச்சு."

ஆம்ப்ளிஃபயரைத் திறந்து, எந்த வால்வு எதற்கு என்று தெரிந்து, மறுபடி மூடி ஓட வைக்கத் தெரிந்தவர் கங்காதரன் ஒருவர்தான். அவர் சொல்கிறார் என்றால் ஏதோ இருக்கும் என்று ஹாஜா மொய்தீன் விட்டுவிட்டார்.

கங்காதரன் குடும்பம் கள்ளிக்குப்பத்தில் ஏரிப் பாசன நிலத்தில் நெல் போட்ட குடும்பம். அண்ணன் தம்பிகளுக்குள் பிரித்ததில் அவர் பங்குக்கு வந்தது ஒரு மூலை. அதனால் மீசை அரும்பும் முன்பே அம்பத்தூரில் ரயில் ஏறி, பெரம்பூர்ப் பக்கம் ஒரு பாய்லர் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். இரும்புத் தகடுகளை ஆணி அடித்து இணைக்கும் வேலை. வெளியே இருவர் சம்மட்டியால் அடிப்பார்கள். பாய்லருக்குள் ஒருவர் குந்தி, ஆணியின் மறுமுனைக்குக் கனத்த இரும்பை முட்டுக் கொடுக்க வேண்டும். அந்த உள் ஆள் கங்காதரன். பெரிய கோயில் மணிக்குள் உட்கார்ந்திருக்கும்போது அதை விடாமல் அடித்தால் எப்படி இருக்குமோ அப்படி ஒரு வேலை. அங்கே யாரும் கத்திப் பேசிப் பிரயோசனமில்லை. கையைக் காட்டுவார்கள், வாயை அசைப்பார்கள். எதிரில் இருப்பவரின் உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துக்கொள்வது பட்டறைக்காரர்களுக்குக் கைவந்த பழக்கம்.

அந்தப் பழக்கம் வெளியிலும் தொடர்ந்தது. பேசுகிறவர் முகத்தைக் கண் கொட்டாமல் பார்ப்பார் கங்காதரன். மரியாதை தெரிந்த மனுஷன் என்று அதற்குப் பெயர் வந்தது.

வயர்லெஸ் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று அவருக்கே தெரியாது. பட்டறை எலெக்ட்ரீஷியன் ஒருவர் படித்துவிட்டுப் போடும் இங்கிலீஷ் பத்திரிகைகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து, படங்களைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். இப்போது சம்பளமில்லாத லீவில் இருந்தார். பங்குனி முடிந்ததும் திரும்பி வராவிட்டால் பெயரை எடுத்துவிடுவேன் என்று ஃபோர்மேன் சொல்லியிருந்தார்.

அந்தப் பங்குனியில்தான் திருமழிசையில் ஓர் உற்சவம். தினமும் சாயங்காலம் கதாகாலட்சேபம். முதல் நாள் வைத்துப் பார்க்கிறோம், சரியாக இருந்தால் உற்சவம் முழுக்க உங்கள் செட்டுதான், அடுத்த வருஷமும் நீங்கள்தான் என்றார் கமிட்டித் தலைவர் வீரராகவன். திருமழிசையில் பெயர் எடுத்தால் சுற்றுப்பட்டு ஊர்களெல்லாம் தானாக வரும். எடுக்காவிட்டால் மறுபடி பாய்லருக்குள் குந்த வேண்டியதுதான்.

"அந்த இரும்புப் பானைக்குள்ள இன்னொரு தபா போயி பூந்துக்காத," என்றார் அவர் மனைவி கன்னியம்மாள். "ராத்திரி தூக்கத்துல கூட கை முட்டுக் குடுத்துகினே கீது உனக்கு."

ஆகவே, இருக்கிற செட்டை அப்படியே கொண்டுபோக கங்காதரனுக்கு மனம் வரவில்லை. பத்திரிகை ஒன்றில் ஈக்குவலைசர் என்று ஒரு சர்க்யூட் போட்டிருந்தது. சத்தத்தில் தடித்த கீழ்ச்சத்தம், மெல்லிய மேல்சத்தம் இரண்டும் கலந்து வருகின்றன. இரும்புப் புனல் தடித்ததை ஊதிப் பெருக்கி, மெல்லியதை விழுங்கிவிடுகிறது. சொல்லைச் சொல்லாகக் காட்டும் ச, த, க எல்லாம் மெல்லியதில்தான் இருக்கின்றன. தடித்ததைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி, மெல்லியதை முன்னால் போக விட்டால் இரண்டும் சமமாகும். அதற்கு முதல் வால்வுக்கும் இரண்டாவது வால்வுக்கும் நடுவே ஒரு ரெசிஸ்டன்ஸ், அதன் தலைக்கும் வாலுக்கும் குறுக்கே ஒரு சின்ன கண்டென்சர். தடித்த சத்தம் ரெசிஸ்டன்ஸ் வழியாக முட்டி மோதித்தான் போக வேண்டும்; மெல்லியது கண்டென்சர் வழியாக நழுவிப் போய்விடும்.

"சமன் பண்ற பெட்டி," என்றார் ஹாஜா மொய்தீன். அதுவே பெயராகிவிட்டது.

மூர் மார்க்கெட்டில் பழைய ரேடியோ சாமான் விற்பவரிடம் ரெசிஸ்டன்ஸ்கள் பொறுக்கினார். கண்டென்சரை அவரே செய்தார். சிகரெட் பெட்டிக்குள் வரும் வெள்ளிக் காகிதத்தைப் பிரித்து நீவி, நடுவில் மெழுகுக் காகிதம் வைத்து, பீடி சுற்றுவது போல இறுக்கிச் சுற்றி, முனைகளில் ஈயம் உருக்கிக் கம்பி பற்ற வைத்தார். தேக்குப் பலகையில் ஐந்து பித்தளைத் திருகாணிகளை வளைவாக அடித்து, அவற்றின் மேல் நகரும்படி ஒரு பித்தளைக் கை பொருத்தினார். ஆணித் தலைகள் நெற்றிப் பொட்டு போல மின்னின. முதல் பொட்டில் கையை வைத்தால் சத்தம் எந்தத் தடையும் இல்லாமல் நேரே போகும். இரண்டில் கொஞ்சம் தடை, மூன்றில் இன்னும் கொஞ்சம். ஐந்தாவது பொட்டில் தடித்த சத்தம் கிட்டத்தட்ட நின்றே போகும்.

எல்லாம் கடையின் பின்னறையில் நடந்தது. அந்த அறைக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு கனத்த திரை. திரைக்கு அந்தப் பக்கம் ஹாஜா மொய்தீனின் மனைவி வஹீதுன்னிசா. கோஷா வழக்கம், வெளி ஆண்கள் முன்னால் வரமாட்டார். சொல்ல வேண்டியதைத் திரைக்குப் பின்னாலிருந்து சொல்வார். அவர் பேசுவது கங்காதரனுக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. கூச்ச சுபாவம், வாய்க்குள்ளேயே பேசுகிறார் என்று நினைத்துக்கொண்டார். ஹாஜா மொய்தீன்தான் திருப்பிச் சொல்வார்.

பெட்டியை மாட்டிய முதல் நாள், ஹாஜா மொய்தீனை மைக்கில் பேசச் சொல்லிவிட்டு கங்காதரன் கையை நகர்த்தினார். ஒன்று, இரண்டு, மூன்று. மொத்தச் சத்தம் இறங்கியது, வால்யூமை ஏற்றினார். நான்காவது பொட்டில் அவர் முகம் மலர்ந்தது.

"இப்போ வருது பாய், சொல்லு. முட்டையிலேந்து குஞ்சு வர்ற மாதிரி வருது."

திரைக்குப் பின்னால் ஏதோ குரல் எழுந்தது.

"இன்னா சொல்றாங்க?"

ஹாஜா மொய்தீன் தலையைச் சொறிந்தார். காது கிழிகிறது, அதை நிறுத்துங்கள் என்று அவர் மனைவி சொன்னார். வாரக்கணக்கில் உட்கார்ந்து பெட்டி செய்த மனுஷனிடம் அதை எப்படிச் சொல்வது?

"நல்லாக் கீதாம்," என்றார்.

*

திருமழிசையில் முதல் சாயங்காலம். தேரடிக்குப் பக்கத்தில் பந்தல். நாகேந்திர பாகவதர் கதை சொல்ல வந்திருந்தார். பக்கத்தில் ஜால்ரா தட்டுகிறவர் சின்னசாமி, அவருக்குப் பின்னால் மிருதங்கம். சனம் நிறைய. புனலை மூங்கிலில் கட்டியாயிற்று. கை நான்காவது பொட்டில்.

பாகவதர் குரலெடுத்தார். கூட்டத்தில் ஒரு அசைவு. சின்னசாமி ஜால்ராவைத் தட்டினார். முன்வரிசையில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. பெண்கள் பக்கத்தில் இரண்டு பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். மேடைக்குக் கீழே படுத்திருந்த ஒரு நாய் எழுந்து போய்விட்டது.

கங்காதரன் இதைப் பார்த்தார். குழந்தை அழுகிறது, சனம் நெளிகிறது. ஏன்? கதை புரியவில்லை, அதனால்தான். அவருக்கே எல்லாச் சொல்லும் வரவில்லை. திறந்த வெளி, சத்தம் கரைந்துபோகிறது போலும். கையை ஐந்தாவது பொட்டுக்குத் தள்ளினார்.

அடுத்த ஜால்ராத் தட்டலில் பாகவதரே கதையை நிறுத்தினார்.

"சின்னசாமி, மெதுவாத் தட்டேன்யா. பல்லு கூசுது."

"மெதுவாத்தான் சாமி தட்றேன்."

"துணி சுத்தித் தட்டு."

சின்னசாமி மேல்துண்டைக் கிழித்து ஜால்ராவில் சுற்றினார். கூட்டம் சிரித்தது. ஜால்ரா அடங்கியது, ஆனால் பாகவதரின் ஒவ்வொரு 'ச'வும் சீழ்க்கையாகச் சீறியது. கொஞ்ச நேரத்தில் புனலுக்கு நேரே இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். பின்னால் இருந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள். வீரராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பந்தலைச் சுற்றி வந்து கங்காதரன் எதிரில் நின்றார்.

"என்னய்யா இது, காதுக்குள்ள ஊசி வெச்சுக் குத்தற மாதிரி இருக்கு?"

"குத்துதா?"

"குத்துதாவா? உனக்குக் குத்தலையா?"

கங்காதரன் ஹாஜா மொய்தீனைப் பார்த்தார். ஹாஜா மொய்தீன் தரையைப் பார்த்தார்.

"நாளை சாயங்காலம் ஒரு தடவை பார்ப்பேன்," என்றார் வீரராகவன். "இதே மாதிரி குத்திச்சுன்னா பட்டணத்திலேர்ந்து செட் வந்துடும். வருத்தப்படக் கூடாது."

கள்ளிக்குப்பத்துக்கு சைக்கிள் மிதித்துப் போகும்போது கங்காதரன் அந்தச் சொல்லையே உருட்டிக்கொண்டு போனார். குத்துகிறது. மழுங்கிக் கிடக்கிற சத்தம் எப்படிக் குத்தும்? ஆள் எதிரில் நின்று பேசினால் ஒரு சொல் பாக்கியில்லாமல் கேட்கிறது. அதே ஆள் புனல் வழியாகப் பேசினால் கேட்கவில்லை. ஆக, காது சரி, புனல் தப்பு. புனலைத்தானே சரி செய்தேன்?

ஏன் குத்தும் என்று காலையில் கன்னியம்மாளிடம் கேட்டார். அடுப்பில் முதுகைக் காட்டிக்கொண்டிருந்த கன்னியம்மாள் ஏதோ பதில் சொன்னார். கங்காதரன் தன் யோசனையில் இருந்தார். கன்னியம்மாள் கரண்டியோடு திரும்பினார்.

"கேக்கறதக் கேட்டுட்டு, பதிலு சொன்னா காதுல வாங்காத. இதான் உன் பவுசு. கல்யாணம் ஆனதிலேந்து இதே கத."

"இன்னாமே சொன்னே?"

"ஒண்ணும் சொல்லல. போ."

பூந்தமல்லிக் கடையில் கங்காதரன் பெட்டியைப் பிரித்துப் போட்டார். ஒவ்வொரு கண்டென்சரையும் உருவி எடுத்து, பழைய இடத்திலேயே மறுபடி பற்ற வைத்தார். ஒரு ஒட்டும் விட்டுப் போயிருக்கவில்லை. பஞ்சர் ஒட்ட வந்தவர்களையெல்லாம் நிறுத்தி மைக்கில் ஹாஜா மொய்தீனைப் பேச வைத்துக் கேட்டார். நான்காவது பொட்டில் ஒருவர் ஐயோ என்றார். முதல் பொட்டில் ஒருவர் அருமை என்றார். கங்காதரனுக்கு அது கம்பளிக்குள் பேசியது போல இருந்தது. இரண்டாவது பொட்டில் நல்லா இருக்கிறது என்று ஒரு பால்காரர் சொன்னார். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

"ஊரே எனக்கு எதிராச் சேர்ந்துகினு கெளம்பிச்சா இன்னா பாய்?" என்றார். "நான் ஒண்ணு கேக்கறேன், அவங்க ஒண்ணு கேக்கறாங்க."

"வுடு அண்ணாத்தே. நான் போயி பேட்டரிக்குத் தண்ணி ஊத்தி எடுத்துகினு வந்துடறேன்," என்று ஹாஜா மொய்தீன் நழுவினார்.

கங்காதரன் தனியாகப் பற்றவைப்பைத் தொடர்ந்தார். பக்கத்தில் ஒரு கரி அடுப்பில் ஈயம் உருக்கும் பற்றுக்கோல் சூடேறிக்கொண்டிருந்தது. திரைக்குப் பின்னால் வஹீதுன்னிசாவின் குரல் எழுந்தது. ஆ, ஊ என்று ஒரு முனகல்தான் அவருக்கு வந்தது.

"டீ வேணாம்மா," என்றார் திரும்பாமல்.

மறுபடி குரல்.

"பாய் பேட்டரிக்குப் போயிருக்காரும்மா. இப்போ வந்துடுவாரு."

இன்னொரு தடவை. அதற்கு அவர் ஏதோ பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் திரை ஒரு சாண் விலகியது. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு வஹீதுன்னிசா நின்றிருந்தார். அத்தனை மாதத்தில் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை.

"டீ கேக்கலண்ணே. உங்க சட்டை ஓரம் அடுப்பு மேல கீதுன்னு சொன்னேன்."

கங்காதரன் குனிந்து பார்த்தார். சட்டையின் ஓரம் பழுப்பேறிப் புகைந்துகொண்டிருந்தது. தட்டி அணைத்தார்.

"மூணு தபா சொன்னேன்," என்றார் வஹீதுன்னிசா.

"சன்னமாச் சொன்னீங்க போல."

"கத்தினேண்ணே. தெருவுல போற ஆளு திரும்பிப் பாத்துட்டுப் போறாரு."

கங்காதரன் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சொல்லும் தெளிவாக வந்தது. வஹீதுன்னிசா அவர் பார்ப்பதைக் கவனித்தார். முகத்தில் கோபமில்லை, எதையோ கணக்குப் போடுவது போல ஒரு நிதானம்.

"இப்போ நான் பேசறது கேக்குதா?"

"நல்லாக் கேக்குது."

வஹீதுன்னிசா திரையை இழுத்து மூடினார். அதே குரலில் ஏதோ சொன்னார். முனகல்.

திரை விலகியது. "இன்னா சொன்னேன்?"

"கேக்கல."

மறுபடி மூடினார், சொன்னார், திறந்தார். கங்காதரன் தலையை ஆட்டினார். நாலைந்து தடவை இப்படி நடந்தது. கடைசித் தடவை திறந்தபோது கங்காதரன் பற்றுக்கோலைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

"எங்க அத்தா அண்டா தட்றவரு," என்றார் வஹீதுன்னிசா. "காலைலேந்து சாயங்காலம் வரைக்கும் செம்புல சுத்தியல். அவருக்கும் இப்படித்தான். மூஞ்சியப் பாத்துகினு பேசினா எல்லாம் கேக்கும். முதுகுப்பக்கம் நின்னு கூப்பிட்டா கேக்காது. மேல்சத்தம் போயிடுச்சு. பெருத்த சத்தம் மட்டும் நிக்கும். அவரும் ஒத்துக்கவே மாட்டாரு. எல்லாரும் வாய்க்குள்ளயே பேசறாங்கன்னு திட்டுவாரு."

கங்காதரன் பெட்டியைக் காட்டினார்.

"பெட்டில தப்பு ஒண்ணுமில்லண்ணே. உங்க காதுக்கு அளவெடுத்துத் தச்ச பெட்டி அது. எங்களுக்குத்தான் குத்துது. முத நாளே சொன்னேன், நிறுத்தச் சொல்லுங்கன்னு."

"நல்லாக் கீதுன்னுதானே பாய் சொன்னாரு?"

"அவரு சொல்வாரு."

வாசலில் சத்தம். ஹாஜா மொய்தீன் பேட்டரியை இறக்கிவிட்டு உள்ளே வந்து, திரை விலகியிருப்பதையும் மனைவி நிற்பதையும் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

"நீங்க சொல்லாதத நான் சொல்லிட்டேன்," என்றார் வஹீதுன்னிசா கணவரிடம். திரையை மூடிக்கொண்டு உள்ளே போனார்.

ஹாஜா மொய்தீன் முக்காலியில் உட்கார்ந்தார். "எனக்கு எப்படி அண்ணாத்தே சொல்றது? நீ அவ்ளோ சந்தோசமாக் கீறே."

கங்காதரனின் தலைக்குள் இப்போது முன்பைவிடப் பெரிய குழப்பம். இத்தனை வருஷமாகக் கேட்டது எது, பார்த்தது எது? கன்னியம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு எத்தனை பேசியிருப்பார்? கள்ளிக்குப்பத்தில் சில்வண்டுச் சத்தம் நின்றுபோனதற்கு, ஏரி வற்றியதுதான் காரணம் என்று நினைத்திருந்தாரே? எல்லாவற்றையும்விட, சாயங்காலம் திருமழிசையில் எந்தப் பொட்டில் கையை வைப்பது?

"நீ வெய்யி பாய். உனக்குத்தான் காது கீதே."

"நானா? எனக்கு எல்லாப் பொட்டும் நல்லாத்தான் கீற மாதிரி கீது. அப்புறம் குத்திச்சுன்னா என் தலைல வுழும்."

*

அன்று சாயங்காலம் பந்தலில் சனம் குறைவு. முதல் நாள் கேட்டவர்களில் வந்தவர்கள், நேற்றைய ஊசி இன்றும் இருக்குமோ என்று ஓரமாக நின்றார்கள். சின்னசாமி ஜால்ராவில் துணியைச் சுற்றியே கொண்டுவந்திருந்தார். வீரராகவன் தூணில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

எப்போதும் கங்காதரன் புனலைப் பார்த்து உட்காருவார். அன்று செட்டைத் தூக்கித் திருப்பி வைத்து, புனலுக்கு முதுகைக் காட்டிக் கூட்டத்தைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இன்னா அண்ணாத்தே, இப்படிக் குந்திக்கினே?"

"சும்மா இரு பாய்."

கதையில் ஒரு வழக்கம் உண்டு. பாகவதர் அவ்வப்போது பகவான் நாமத்தைச் சொல்லி நிறுத்துவார். கூட்டம் முழுக்க 'கோவிந்தா' என்று திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் பொட்டில் பாகவதர் நிறுத்தினார். கங்காதரன் வாய்களைப் பார்த்தார். முன்வரிசையில் உதடுகள் குவிந்து, பல் தெரிந்து, வாய் திறந்தது. பின்வரிசையில் ஒன்றுமில்லை. முன்னால் இருப்பவர்களைப் பார்த்த பிறகுதான் அங்கே உதடுகள் குவிந்தன. அவர்களுக்குச் சொல் போய்ச் சேரவில்லை.

மூன்றாவது பொட்டு. அடுத்த நாமத்துக்குப் பின்வரிசை முன்வரிசையோடு சேர்ந்து வாயைத் திறந்தது. ஆனால் புனலுக்கு நேரே உட்கார்ந்திருந்த பெண்களின் கண்கள் சுருங்கின. ஒருவர் கை காதுக்குப் போகப் பாதி வழியில் நின்றது.

கையை இரண்டாவது பொட்டுக்கு இழுத்தார். பாகவதர் குரல் அவருக்குத் தொலைவில் கோரைப்பாயைத் தட்டுகிற சத்தம் போல மாறியது. இதுவா? இதில் ஒரு சொல் கூட இல்லையே? விரல் தானாக அடுத்த பொட்டுக்குப் போகப் பார்த்தது. இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்துக்கொண்டார். பாகவதர் நிறுத்தினார். முன்னும் பின்னும் ஓரமும் ஒரே நேரத்தில் உதடுகள் குவிந்தன. கண் சுருங்கவில்லை. ஓரமாக நின்றவர்கள் துண்டை உதறி விரித்து உட்கார்ந்தார்கள். பாகவதர் சின்னசாமியைப் பார்த்துக் கையைக் காட்ட, அவர் ஜால்ராவிலிருந்து துணியை அவிழ்த்தார். முதல் தட்டலுக்குக் கங்காதரனின் தோள் இறுகியது. யாரும் காதைப் பொத்தவில்லை.

மாமியார் வீட்டுக்கு விருந்துக்குப் போன மாப்பிள்ளை ஒருவனைப் பற்றி ஒரு கிளைக்கதை வந்தது. அதை ஹாஜா மொய்தீன்தான் வாயசைத்துக் கங்காதரனுக்குச் சொன்னார். பந்தல் நிறைந்துகொண்டிருந்தது. கங்காதரனுக்கு வெறும் முனகல். நன்றாக இருக்கிறதா, இருப்பது போல இருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியவில்லை. இத்தனை நாளில் அவர் செய்த சத்தங்களிலேயே மோசமானது இதுதான். அதற்குத்தான் சனம் துண்டை விரித்து உட்கார்கிறது.

பின்னாலிருந்து ஒரு கை தோளில் விழுந்தது. வீரராகவன். கதைக்கு இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று குனிந்து, கங்காதரன் காதுக்கு மிக அருகில் வாயை வைத்து ஏதோ சொன்னார். கொஞ்சம் நீளமாகவே சொன்னார். சொல்லி முடித்துப் பதிலுக்குக் காத்திருந்தார்.

கங்காதரனுக்குச் சூடான மூச்சு மட்டும் தெரிந்தது. பட்டணத்து செட் வருகிறது என்றாரா? இதுவே இருக்கட்டும் என்றாரா? பழக்கத்தில் தலையை ஆட்டப் போனார். இரண்டில் எதற்கு ஆட்டுவது? பக்கத்தில் ஹாஜா மொய்தீன் மாப்பிள்ளைக் கதையில் மூழ்கிப் போயிருந்தார்.

"ஐயா," என்றார். "காதுல சொன்னா எனக்குக் கேக்காது. முன்னால வந்து சொல்லுங்க."

வீரராகவன் ஒரு கணம் புரியாமல் நின்றார். பிறகு செட்டைச் சுற்றிக்கொண்டு வந்து, எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உற்சவம் முடியற வரைக்கும் நீங்களே போடுங்கன்னேன். இதே இடத்துல கை இருக்கட்டும். நகத்தாதே."

கங்காதரனுக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஃபோர்மேனின் முகம். இனி அவர் யாரை வேண்டுமானாலும் அந்தப் பாய்லருக்குள் உட்கார வைத்துக்கொள்ளலாம். கன்னியம்மாளிடம் சொல்ல வேண்டும். அவர் திரும்பி நின்று கேட்கும்போது சொல்ல வேண்டும்.

"கேக்காதுன்னா? காது கேக்காதா உனக்கு?" என்றார் வீரராகவன்.

"மேல்சத்தம் கேக்காதுங்க. பெருத்த சத்தம் கேக்கும்."

"செட் போடறவனுக்குக் காது கேக்காதா?" வீரராகவன் புனலைப் பார்த்தார், பலகையில் இருந்த பொட்டுகளைப் பார்த்தார், மறுபடி கங்காதரனைப் பார்த்தார். "அப்புறம் எப்படிய்யா இதைச் சரி பண்ணினே?"

கங்காதரன் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பந்தல் முழுக்க வெடித்துச் சிரித்தது. முன்வரிசைக் கிழவர்கள் தொடையில் தட்டினார்கள். பெண்கள் பக்கம் முந்தானைகள் வாய்க்குப் போயின. சின்னசாமி ஜால்ராவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பாகவதரு இன்னா சொன்னாருங்க?" என்று கேட்டார் கங்காதரன்.

வீரராகவன் திரும்பி மேடையைப் பார்த்தார்.

"தெரியலையே. உன்னோட பேசிக்கிட்டு இருந்துட்டேன்."

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. இரண்டு பேரும் உட்கார்ந்தபடியே சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.